செயின் சோ பிடிக்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்

(தோட்டத்து மண்டபத்தில் நடந்த பாதுகாப்புக் கூட்டத்தில் எங்கள் நலன்புரிக் குழு பேசியதை, வரமுடியாமல் போனவர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



இன்றைக்குச் செயின் சோவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் இரண்டு மூன்று அக்காமார் எழும்பப் பார்த்தீங்க. "இது ஆம்பிளைங்க சமாச்சாரம், நாங்க போய் அடுப்பைப் பார்க்கிறோம்" என்று நினைக்க வேண்டாம். மரம் விழுகிற மலையிலேதான் நீங்க கொழுந்து எடுக்கிறீங்க. மரம் விழுந்த சத்தம் கேட்டதும் மிலாறு பொறுக்க முதலில் ஓடுவது உங்க பிள்ளைகள். வெட்டுகிறவருக்கு ஒன்று ஆகிவிட்டால் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைவதும் நீங்கதான். அதனால் எல்லாரும் இருந்து கேளுங்க.

முந்தியெல்லாம் ஒரு சவுக்கு மரத்தைச் சாய்க்க இரண்டு பேர் கைவாளோடும் கோடாரியோடும் அரை நாள் நின்றார்கள். இப்போது பத்து நிமிஷ வேலை. ஸ்டோர் அடுப்புக்கு விறகு வேணும், கொந்தராத்துக்காரருக்கு டர்பன்டைன் மரம் வேணும், றோட்டில் விழுந்த மரத்தை அகற்ற வேணும். எல்லாவற்றுக்கும் செயின் சோதான். தோட்டத்தில் பேர் குறைந்து, பொடியன்மார் வெளியே கூலிக்கு மரம் வெட்டப் போகிறார்கள். நல்ல சம்பளம்தான், நாங்கள் போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எத்தனை பேருக்கு இந்த மெசினை யாராவது பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தார்கள்? "கயிற்றை இழு, விசையை அமுக்கு, வெட்டு." பெரும்பாலும் இவ்வளவுதான் படிப்பு.

முதலில் அதன் வேகத்தைத் தெரிஞ்சுக்குவோம். முழு வேகத்தில் செயின் செக்கனுக்கு ஏறக்குறைய 20 மீற்றர் ஓடுகிறது. நேர் றோட்டில் மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் பஸ்ஸின் வேகம் அது. கத்தி பட்டால் தோல் கீறும். செயின் சோ பட்டால் கீறுவதில்லை, சதையைத் தோண்டி எடுத்து எறிகிறது. அந்தக் காயத்தைத் தைத்து மூடுவது டாக்டருக்கே கஷ்டம், ஏனென்றால் தைக்கிறதற்கு அங்கே சதை இருக்காது.

இந்த மெசினில் ஆளைக் கொல்லுகிற இடம் எது என்று கேட்டால், செயின் முழுவதையும் காட்டுவீங்க. சரிதான். ஆனால் அதிலும் மோசமான ஒரு இடம் இருக்கிறது. வாள் தகடு நீளமாகப் போய் நுனியில் வளைகிறது அல்லவா, அந்த மூக்கின் மேல் பாதி. மூக்கை ஒரு மணிக்கூட்டு முகம் என்று வைத்துக்கொண்டால் 12க்கும் 3க்கும் நடுவில் உள்ள கால் பங்கு. ஓடிக்கொண்டிருக்கும் செயின் அந்த இடத்தில் ஒரு கட்டையிலோ கொப்பிலோ பட்டால், பல் மரத்தில் மாட்டி, முழு வாளும் மேலே எழும்பிப் பின்னால் உங்கள் முகத்தை நோக்கி வரும். இதைத்தான் கிக்பேக் என்கிறோம். கழுதை உதைக்கிற மாதிரி என்று ஒரு பெரியவர் சொன்னார், நல்ல உவமைதான். இது நடக்க ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு போதும். நம் கண் பார்த்து, மூளை விளங்கி, கை அசைய அதைவிடக் கூட நேரம் எடுக்கும். "நான் இருபது வருஷம் பிடிக்கிறேன், எனக்குக் கைப்பழக்கம் இருக்கு" என்பது இங்கே உதவாது. எவ்வளவு பழகிய கையும் அவ்வளவு வேகமாக அசையாது.

ஆகவே கிக்பேக் வராமல் பார்க்க வேணும், வந்தால் தாங்கவும் ஏற்பாடு வேணும்.

வராமல் பார்ப்பது எப்படி? மூக்கு நுனி எங்கே இருக்கிறது என்று எப்போதும் தெரிந்து வையுங்க. குவித்த விறகுக்குள் ஒரு கட்டையை வெட்டும்போது, மூக்கு பின்னால் கிடக்கும் அடுத்த கட்டையில் படுகிறதா என்று பாருங்க. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் விழுந்த கொப்பை வெட்டும்போது இது அடிக்கடி நடக்கிறது. உங்க கண் கொப்பில் இருக்கும், மூக்கு தேயிலை வாதில் பட்டுவிடும். தோளுக்கு மேலே தூக்கி வெட்டவே கூடாது. ஏணியில் நின்று வெட்டக் கூடாது. நிழல் மரத்துக் கொப்புக் கழிக்க ஏறுகிறவர்கள் கத்தியோடு ஏறுவதுதான் வழக்கம். அதை விட்டுச் செயின் சோவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுகிறதைச் சில இடங்களில் பார்க்கிறோம். கயிறும் பட்டியும் கட்டி முறையாகப் பழகியவர்களுக்கே அது ஆபத்தான வேலை. மற்றவர்கள் நினைக்கவும் வேண்டாம்.

வந்தால் தாங்குவது எப்படி? இரண்டு கை. இடது கை முன் பிடியில், வலது கை பின் பிடியில். கட்டைவிரல் பிடியைச் சுற்றி வளைந்து இருக்க வேணும், மேலே படுக்கக் கூடாது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களும் இப்படித்தான் பிடிக்க வேணும், மெசின் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. இடது முழங்கையை மடக்காமல் நேராக வையுங்க. உடம்பு வாளுக்கு நேர் பின்னால் நிற்காமல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிற்கட்டும். அப்போது எகிறினாலும் வாள் தலைக்குப் பக்கத்தால் போகும். ஒரு கையால் கொப்பைப் பிடித்து மறு கையால் வெட்டுகிறதை வீரம் என்று நினைக்கிற தம்பிமாரை நாங்கள் பார்த்திருக்கிறோம். அது வெறும் அவசரம்.

இன்னொன்று, பிரேக். முன் பிடிக்கு முன்னால் ஒரு மறைப்பு நிற்கிறதே, அது கையை மறைப்பதற்கு மட்டும் இல்லை. வாள் எகிறும்போது உங்க மணிக்கட்டு அதைத் தள்ளும், அல்லது எகிறிய வேகத்திலேயே அது தானாக விழும். உடனே செயின் நிற்கும். இதைச் சில பேர் கழற்றிப் போட்டு விடுகிறார்கள், "இடைஞ்சலா இருக்கு" என்று. சில கொந்தராத்துக்காரர் கொடுக்கிற பழைய சோவில் அது உடைந்தே கிடக்கிறது. தம்பிமாரே, பிரேக் இல்லாத பஸ்ஸில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி விடுவீங்களா? பிரேக் வேலை செய்யாத சோவை "இது வேண்டாம், திருத்தித் தாங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒரு ஆள் தனியாகச் சொன்னால் "அப்போ வேற ஆளைப் பார்க்கிறேன்" என்பார்கள். வெட்டுக்குப் போகிற ஐந்து பேரும் சேர்ந்து சொல்லுங்க. தலைவரிடமும் சொல்லி வையுங்க. எங்களுக்குத் தெரிந்த வரையில் இதுதான் வேலை செய்கிற வழி.

பிரேக் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு நாளும் காலையில் பார்க்க வேணும். மெசினைத் தரையில் ஸ்டார்ட் பண்ணி, இரண்டு கையாலும் பிடித்து, ஒரு தரம் வேகம் கொடுத்து, இடது மணிக்கட்டால் மறைப்பை முன்னால் தள்ளுங்க. செயின் அந்த இடத்திலேயே நிற்க வேணும். மெல்ல ஓடி ஓடி நின்றால் பிரேக் தேய்ந்து விட்டது. அப்படியே விசையையும் பாருங்க. பின் பிடியின் மேலே ஒரு பூட்டு இருக்கும், அதை அமுக்காமல் விசை அசையக் கூடாது. விசையை விட்டபிறகு என்ஜின் மெதுவாக ஓடும்போது செயின் சுற்றக் கூடாது. சுற்றினால் ஐட்லிங் கூடிப் போச்சு என்று அர்த்தம், அதைத் திருத்தாமல் மலைக்கு எடுத்துப் போக வேண்டாம்.

ஸ்டார்ட் பண்ணுகிற விஷயத்தில் தோட்டத்தில் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம். ஒரு கையில் மெசினைத் தொங்கப் போட்டு, மறு கையால் கயிற்றை இழுத்து, மெசினைக் கீழே விட்டு எறிகிறது. பார்க்க ஸ்டைலாக இருக்கும். அந்த நேரத்தில் ஓடத் தொடங்கிய செயின் ஒரு கையின் பிடியில் ஆடிக்கொண்டிருக்கிறது, அதன் கீழே உங்க தொடை. சமமான தரையில் வையுங்க. பிரேக்கைப் போடுங்க. வலது சப்பாத்தின் முனையைப் பின் பிடிக்குள் நுழைத்து மிதியுங்க. இடது கையால் முன் பிடியை அமுக்கிப் பிடித்து, வலது கையால் இழுங்க. பெற்றோல் ஊற்றிய இடத்திலிருந்து பத்தடியாவது தள்ளிப் போய் ஸ்டார்ட் பண்ணுங்க. சூடாக இருக்கும் மெசினுக்குப் பெற்றோல் ஊற்ற வேண்டாம், கொஞ்சம் ஆற விடுங்க. பீடியைப் பற்றி நாங்கள் சொல்லித்தான் தெரிய வேணுமா?

இனிப் பெற்றோல். இது டூ ஸ்ட்ரோக் என்ஜின். இதற்குத் தனியே என்ஜின் ஒயில் ஊற்றுகிற இடம் இல்லை, பெற்றோலோடு கலந்துதான் ஒயில் உள்ளே போகிறது. வெறும் பெற்றோல் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் இறுகிப் போகும், மெசின் செத்துவிடும். நல்ல டூ ஸ்ட்ரோக் ஒயில் என்றால் பொதுவாக ஐம்பதுக்கு ஒன்று, அதாவது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர். ஒயில் ரகம் குறைந்தது என்றால் இருபத்தைந்துக்கு ஒன்று, லீற்றருக்கு 40 மில்லிலீற்றர். உங்க மெசினோடு வந்த புத்தகம் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. மூடியால் அளக்காமல் மருந்துப் போத்தலோடு வருகிற அளவுக் குவளையால் அளங்க, பிறகு அந்தக் குவளையை மருந்துக்கு எடுக்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் கலந்து வைத்த பெற்றோலைப் பாவிக்க வேண்டாம். அதைச் சோடாப் போத்தலில் ஊற்றி இஸ்தோப்பில் வைக்கிற பழக்கம் அடியோடு நிற்க வேணும். தாகத்தோடு ஓடிவருகிற பிள்ளைக்குச் சோடாப் போத்தல் என்றால் சோடாதான்.

செயினுக்குத் தனி ஒயில். அதற்கு இன்னொரு டாங்கி இருக்கிறது. ஒவ்வொரு தரம் பெற்றோல் ஊற்றும்போதும் அதையும் நிரப்புங்க. கராஜில் இருந்து கழிவு ஒயில் சும்மா கிடைக்கிறது என்று அதை ஊற்றுகிறார்கள். அதில் இரும்புத் தூள் இருக்கிறது, வாள் தகட்டின் காடியையும் ஒயில் பம்பையும் அது தின்றுவிடும். அது மேலே தெறித்து நாளெல்லாம் தோலில் படுவதும் நல்லதில்லை. ஒயில் வருகிறதா என்று பார்க்க, வெட்டிய அடிக்கட்டையின் வெள்ளைப் பக்கத்துக்கு மேலே மூக்கைப் படாமல் பிடித்து வேகம் கொடுங்க. ஒரு ஒயில் கோடு விழ வேணும். விழாவிட்டால் ஒயில் துவாரம் மரத்தூளால் அடைத்திருக்கிறது.

செயின் இறுக்கத்தைப் பற்றி ஆளுக்கு ஆள் ஒவ்வொன்று சொல்வார்கள். எளிய வழி இது: மெசின் ஆறியிருக்க வேணும். கையுறை போடுங்க. நட்டைத் தளர்த்தி, மூக்கை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்க. செயின் தகட்டின் அடிப்பக்கத்தோடு ஒட்டி நிற்க வேணும், பிரேக்கை எடுத்துவிட்டுக் கையால் இழுத்தால் ஓடவும் வேணும். தொங்கினால் கழன்று காலில் அடிக்கும். ஓடாவிட்டால் தகடும் சக்கரமும் தேயும். சூட்டில் செயின் நீளும், ஆறும்போது சுருங்கும். அதனால் வேலைக்கு நடுவில் இறுக்கிய செயினை மாலையில் தளர்த்தி வைத்துவிட்டுப் போங்க.

இப்போது அரம் போடுவது. இதில் கொஞ்சம் நின்று பேசுவோம், ஏனென்றால் எங்கள் எண்ணத்தில் விபத்தில் பாதி மொட்டைச் செயினிலிருந்துதான் தொடங்குகிறது. மொட்டைச் செயின் தானாக இறங்காது. நாம் அழுத்துகிறோம். அழுத்துகிற கை களைக்கும், கால் வழுக்கும், வெட்டு முடிகிற நேரத்தில் அழுத்திய பாரத்தோடு வாள் காலுக்கு வரும். உங்க செயின் மொட்டையா என்று அறிய மெசினைப் பார்க்க வேண்டாம், தரையைப் பாருங்க. அவல் மாதிரிச் சீவல் விழுந்தால் கூர் இருக்கிறது. மாவு மாதிரித் தூள் விழுந்தால் கூர் போய்விட்டது. வெட்டு ஒரு பக்கம் வளைந்து போனால் ஒரு பக்கத்துப் பற்கள் நீளம், மறு பக்கம் கட்டை.

அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் ஜோ கொக்ஸ் என்று ஒரு மரம் வெட்டுகிறவர் இருந்தார். 1946இல் ஒரு கட்டையில் வண்டுப் புழு ஒன்று மரத்தைத் தின்று கொண்டு போவதைக் கவனித்தார். அந்தப் புழு நேராகக் கடிக்கவில்லை, வளைந்த தாடையால் இடம் ஒரு கடி, வலம் ஒரு கடி என்று சீவிக்கொண்டு போனது. அதைப் பார்த்துத்தான் இன்றைக்கு நாம் பாவிக்கிற மாதிரிப் பல்லை அவர் செய்தார். அதனால்தான் உங்க செயினில் ஒரு பல் இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால்தான் புழு மாதிரி நேராகப் போகும். (ஒரு புழுவிடம் படித்ததைச் சொல்ல அந்த மனுஷனுக்கு வெட்கம் இருக்கவில்லை. அந்தக் குணம் நமக்கும் இருந்தால் நல்லது.)

மெசினை நிறுத்துங்க. வாளை ஒரு கட்டையில் இறுக்கி வையுங்க. பிரேக்கைப் போடுங்க. உருண்டை அரம் வேணும், செயினுக்குத் தகுந்த அளவில். செயின் 0.325 அங்குலம் என்றால் 4.8 மில்லிமீற்றர் அரம். 3/8 அங்குலம் என்றால் பெரும்பாலும் 5.2 அல்லது 5.5. சின்ன மெசினில் வருகிற தாழ்ந்த 3/8 செயினுக்கு 4 மில்லிமீற்றர். கடைக்குப் போகும்போது செயினைக் காட்டி வாங்குங்க. பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்க, கோணம் 30 பாகை அளவில். பல்லின் மேல் தட்டில் அந்தக் கோட்டைப் போட்டிருப்பார்கள். தள்ளும்போது மட்டும் அரம் வெட்ட வேணும், திரும்பும்போது தூக்கி எடுங்க. கத்தி தீட்டுகிற மாதிரி முன்னும் பின்னும் உரசினால் அரமும் போகும் பல்லும் போகும். முதல் பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். ஒரு பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு மறு பக்கம் வாங்க.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்னத் திமில் இருக்கிறது. பல் எவ்வளவு ஆழமாகக் கடிக்கலாம் என்று சொல்வது அதுதான். பல் தேயத் தேய அதையும் தட்டை அரத்தால் கொஞ்சம் இறக்க வேணும், மூன்று நான்கு தீட்டலுக்கு ஒரு தரம், அளவுத் தகடு வைத்து. 3/8 செயினுக்குப் பல்லுக்கும் திமிலுக்கும் வித்தியாசம் 0.65 மில்லிமீற்றர் அளவுதான். "வேகமா வெட்டட்டும்" என்று கண்மட்டத்தில் திமிலை ராவி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பல் அளவுக்கு மீறிக் கடிக்கும், கிக்பேக்கைக் கூலி கொடுத்து அழைத்த மாதிரி. பல்லின் நீளம் 4 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் அந்தச் செயினுக்கு ஓய்வு கொடுங்க.

மற்றப் பராமரிப்புச் சின்ன வேலை. காற்று வடியை ஒவ்வொரு நாளும் தட்டித் துப்பரவு செய்யுங்க. தகட்டின் காடியில் உள்ள தூளைச் சுரண்டி எடுங்க. தகட்டை அடிக்கடி மேல் கீழாகத் திருப்பிப் போடுங்க, அப்போது ஒரே பக்கம் தேயாது. ஒரு பழைய பல் தூரிகை இருந்தால் கால் மணித்தியாலத்தில் முடியும்.

மரம் சாய்ப்பதற்கு வருவோம். முதல் கேள்வி எப்படி வெட்டுவது இல்லை, யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது. மரத்தின் உயரம் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வெட்டுகிறவரைத் தவிர ஒருவரும் நிற்கக் கூடாது. அறுபது அடிச் சவுக்கு மரம் என்றால் 120 அடி. கங்காணிமாரும் கணக்குப்பிள்ளைமாரும் இதைக் கவனிக்க வேணும். மேலே மரம் வெட்டுகிற மலையின் கீழே கொழுந்து நிரை போடக் கூடாது. நம்முடைய மலை சமதரை இல்லை. விழுந்த கட்டை அந்த இடத்தில் கிடக்காது, உருண்டு கானைத் தாண்டி லயத்துக் கூரைக்கு வரும். மூடுபனி இறங்கி அந்த 120 அடி தெரியாமல் போனால் வேலையை நிறுத்துங்க. பலத்த காற்றிலும் அப்படியே. மின்சாரக் கம்பி பக்கத்தில் இருந்தால் மின்சார சபைக்குச் சொல்லாமல் தொட வேண்டாம். மிலாறு பொறுக்குகிறவர்கள், வெட்டுகிறவர் மெசினை நிறுத்திக் கை காட்டிய பிறகுதான் உள்ளே வரலாம். இதை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது அக்காமாரின் பொறுப்பு.

இரண்டாவது, ஓட வழி. மரம் விழப்போகிற திசைக்குப் பின்னால், சாய்வாக இரண்டு பக்கமும் வழி பார்த்து வையுங்க. புத்தகத்தில் 45 பாகை என்று போட்டிருக்கும். தேயிலை மலையில் 45 பாகையில் ஓடினால் செடிக்குள்தான் விழ வேணும். அதனால் எந்த நிரையால் போவது என்று முன்னமே பார்த்து, அதில் கிடக்கும் கல்லையும் மிலாறையும் எடுத்துவிட்டு, ஒரு தரம் நடந்தும் பாருங்க. மேலேயும் பாருங்க. அல்பீசியா மரத்தில் பட்ட கொப்பு மெசின் அதிர்விலேயே விழும்.

பிறகு வெட்டு. பதினைந்து அங்குல மரம் என்று வைத்துக்கொள்வோம். விழ வேண்டிய பக்கத்தில் வாய் திறக்க வேணும், குறுக்களவில் ஏறக்குறைய கால் பங்கு, நான்கு அங்குலம் போதும். மறு பக்கத்தில், வாயின் அடிக்கோட்டுக்கு ஒரு அங்குலம் மேலே பின்வெட்டு. இரண்டு வெட்டும் ஒன்றையொன்று சந்திக்கவே கூடாது. நடுவில் பத்தில் ஒரு பங்கு, இந்த மரத்துக்கு ஒன்றரை அங்குலம், வெட்டாமல் நிற்க வேணும். அதுதான் கதவுப் பிணைச்சல் மாதிரி மரத்தைப் பிடித்து மெதுவாக, நாம் சொன்ன பக்கம் சாய்க்கிறது. பிணைச்சலை அறுத்தால் மரம் தன் இஷ்டத்துக்குப் போகும், அல்லது அடி வழுக்கி உங்க மேலே வரும். வாள் இறுகாமல் இருக்கப் பின்வெட்டில் மர ஆப்போ பிளாஸ்டிக் ஆப்போ அடியுங்க. இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் அதில் பட்டால் பல் தெறிக்கும். மரம் அசையத் தொடங்கியதும் பார்த்துக்கொண்டு நிற்காமல் விலகுங்க. சரிவில் கூடியமட்டும் மலைக்குக் குறுக்காகச் சாய்ப்பது நல்லது. துண்டு போடும்போது எப்போதும் கட்டைக்கு மேல் பக்கத்தில் நில்லுங்க.

நன்றாகச் சாய்ந்து நிற்கும் டர்பன்டைன் மரத்தைப் புதிதாகப் பழகுகிறவர் தொடவே கூடாது. பின்வெட்டு பாதி போகும்போதே அடிமரம் நெடுக்காகப் பிளந்து, பிளந்த பாதி பின்னால் உதைக்கும். அதேபோல் வெட்டிய மரம் பக்கத்து மரத்தில் சிக்கி நின்றால், அதன் கீழே போகக் கூடாது, தாங்கி நிற்கும் மரத்தை வெட்டவும் கூடாது. கயிறோ வின்ச்சோ வரும் வரை அந்த இடத்தைக் கயிறு கட்டி மறித்து வையுங்க.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் மண்சரிவோடு மரங்களும் சரிந்தன. அப்படி வேரோடு சாய்ந்த மரத்தை வெட்டுவது தனி வேலை. அடிமரத்தை வெட்டி விட்டதும், மண்ணோடு எழும்பி நிற்கும் வேர்த்தட்டு திரும்பக் குழிக்குள் மடங்கி விழும். அந்தக் குழிக்குள் ஆளோ பிள்ளையோ நிற்கக் கூடாது. வளைந்து கிடக்கும் மரத்தில் ஒரு பக்கம் அமுங்கியிருக்கும், மறு பக்கம் இழுபட்டிருக்கும். முதலில் அமுங்கிய பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்க, பிறகு இழுபட்ட பக்கத்தில் மெதுவாக முடியுங்க. இழுபட்ட பக்கத்தில் முதலில் ஆழமாக வெட்டினால் வில்லு அறுந்த மாதிரி அடிக்கும்.

உடுப்பைப் பற்றி. சாரமும் ரப்பர் செருப்பும் கட்டிக்கொண்டு வெட்டுகிறவர்கள் நம்மிடம் நிறைய. செயின் சோவுக்கென்று கால்சட்டை இருக்கிறது. அதன் உள்ளே நீள நூல் அடுக்கு இருக்கும், செயின் பட்டால் நூல் வெளியே வந்து சக்கரத்தில் சுற்றி நிறுத்திவிடும். விலை கூடத்தான். ஆனால் சோ வாங்கக் காசு இருக்கிற முதலாளியிடம் இதற்கும் கேட்கலாம். தலைக்கவசம், முக வலை, இரும்பு முனைச் சப்பாத்து, கையுறை, காது மூடி. காது மூடியைச் சின்னதாக நினைக்க வேண்டாம். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணித்தியாலம் தாங்கலாம் என்பது கணக்கு. 100 டெசிபலுக்கு அதே கணக்கில் 15 நிமிஷம்தான். இந்த மெசின் 100க்கு மேலே கத்துகிறது. அதோடு வருஷக் கணக்காக அதிர்வு ஏறினால், குளிர் காலையில் விரல் நுனி வெளுத்து மரத்துப் போகும், சட்டைப் பொத்தான் போடக் கை வராது. அப்படி இருந்தால் "பனிக் குளிர்" என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்க. இடைக்கிடை ஓய்வு எடுத்து, கையைச் சூடாக வைத்து, அதிர்வு தாங்கும் ரப்பர்களை நேரத்துக்கு மாற்ற வேணும்.

எவ்வளவு கவனித்தாலும் காயம் நடக்கலாம். தனியாக வெட்டப் போக வேண்டாம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒருவர் இருக்க வேணும். காயத்தில் காப்பித்தூளும் தேயிலைத்தூளும் அப்ப வேண்டாம். சுத்தமான துணியை மடித்து வைத்து இரண்டு கையாலும் பலமாக அமுக்குங்க, எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். கை காலில் இரத்தம் பீறிட்டு, அமுக்கியும் நிற்காவிட்டால், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டில் இல்லாமல், அகலத் துணியால் கட்டி, ஒரு தடியை வைத்து முறுக்கி இறுக்குங்க. கட்டிய நேரத்தை எழுதி வையுங்க, ஆஸ்பத்திரி வரை அவிழ்க்க வேண்டாம். விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றிப் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேலே வைத்துக் கொண்டு போங்க. 2016இல் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தோட்டத்தின் பேரோடு டிவிஷன் பேரையும், எந்த றோட்டுச் சந்தியில் நிற்பீங்க என்பதையும் சொல்லுங்க. மலைக்குள் சிக்னல் எங்கே எடுக்கும் என்று வெட்டத் தொடங்கு முன்னமே பார்த்து வையுங்க.

காகித வேலையும் கொஞ்சம் இருக்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் இன்றும் இருக்கிறது. வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கேட்கலாம். ஆனால் வெளியே கூலிக்குப் போகிறவர்கள் யாரிடம் வேலை செய்தோம் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் போகிறார்கள். யார் கூப்பிட்டது, எந்த நாள், எந்த இடம், நாள் கூலி எவ்வளவு, கூட யார் இருந்தது. இவ்வளவையும் பிள்ளையின் பழைய கொப்பியில் வீட்டில் எழுதி வையுங்க. காயம் நடந்தால் தாமதிக்காமல் எழுத்தில் அறிவியுங்க. பலா மரம் என்றால் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிப் பத்திரம் வேணும். 2019இல் செயின் சோக்களைப் பதிவு செய்யும்படி அரசாங்கம் சொன்னது. கொந்தராத்துக்காரரிடம் இரண்டு கடதாசியையும் காட்டச் சொல்லுங்க, பொலிஸ் வரும்போது மெசின் யார் கையில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கேட்பார்கள்.

கேள்வி இருந்தால் இப்போது கேட்கலாம். பின்னால் மேசையில் மூன்று அளவு அரமும் அளவுத் தகடும் ஒரு பழைய செயினும் வைத்திருக்கிறோம். ஒவ்வொருவராக வந்து இரண்டு பல்லுத் தீட்டிப் பாருங்க, அக்காமாரும் வரலாம். சொந்த சோ கொண்டு வந்தவர்கள் டாங்கியில் பெற்றோல் இருந்தால் மெசினை வெளியே கான் பக்கம் வைத்துவிட்டு, செயினை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே வாங்க.